தீ காணாத நீலம்

என் தங்கை புவனா கடைக் கண்ணாடி மேசைமேல் கையை நீட்டினாள்.

"இந்த மோதிரத்தக் கொஞ்சம் கழுவிக் குடுக்கா. கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்துப் போச்சு."

வெளியே இரத்தினபுரிக்கே உரிய மழை. அவள் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் வாசலில் சிறு குளமாகத் தேங்கியிருந்தது. மகளின் காலுக்குச் சப்பாத்து வாங்க டவுனுக்கு வந்தவள், அப்படியே என்னையும் பார்த்துப் போக நகைக்கடைக்குள் ஏறியிருந்தாள்.

மெல்லிய வெள்ளி மோதிரம். நடுவில் கடலைப்பருப்பளவு நீலக் கல். புவனாவின் கணவர் தியாகு முந்தைய தீபாவளிக்குக் கொடுத்தது. கண்ணாடிக் கல் என்று அவளும் சொல்லியிருந்தாள், நானும் நம்பியிருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் கணவன் வாங்கிக் கொடுக்கும் மோதிரத்தில் வேறென்ன இருக்கப் போகிறது?

இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் குழந்தைச் சவர்க்காரம் கரைத்து மோதிரத்தைப் போட்டேன். மென்மையான பல்துலக்கியால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேய்த்து, பருத்தித் துணியில் ஒற்றி எடுத்தேன். பிறகு, பழக்க தோஷம், கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தேன்.

லென்ஸை எடுத்துத் துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தேன்.

கல்லுக்குள்ளே மிக நுண்ணிய இழைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின. பட்டு நூலை உதிர்த்துப் போட்டதுபோல. எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே பட்டுதான். கண்ணாடிக்குள் பட்டு இருக்காது. நிறம் கூட்டுவதற்காக உலையில் சுட்ட நீலத்திலும் அந்த இழைகள் அறுந்து கரைந்துபோயிருக்கும். இதில் ஒரு இழைகூடக் கலையவில்லை. தீயைக் காணாத நீலம். பெரிய வியாபாரிகள் சட்டைப்பையில் காகிதத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திய பிறகே வெளியே எடுக்கும் கல்.

அதைப் போட்டுக்கொண்டு என் தங்கை தினமும் கொழுந்து பறித்திருக்கிறாள். பாத்திரம் கழுவியிருக்கிறாள்.

மோதிரத்தை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு கண்ணால் பார்த்தார். மறு கண்ணால் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, இது யார்ட?" என்று தணிந்த குரலில் கேட்டார். "பட்டை வெட்டினது கை பழகாத ஆள். கல்லு நல்ல கல்லு. இது கடையில வாங்கின கல்லில்ல."

திரும்பி வந்து மோதிரத்தைப் புவனாவிடம் கொடுத்து, எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

"யட்டியாந்தோட்டைல ஏதோ கடையிலன்னாரு. ஏன்க்கா, வெள்ளி இல்லையா?"

வெள்ளி போலியோ என்று கவலைப்பட்டுத்தான் அப்படிக் கேட்டாள். அந்த வெகுளியான கேள்விதான் என்னை மேலும் கலங்கடித்தது.

நம்பிக்கைகளும் நானும்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் எப்படிக் கல் வியாபாரத்துக்குள் வந்தேன் என்பது தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் தோட்டத்துப் பெண். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நகைகளுக்கு விலைச்சீட்டுக் கட்டுகிற வேலைக்கு இந்தக் கடையில் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, இன்று முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

முன்மேசைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நகைக்காக வருவதில்லை. நம்பிக்கைக்காக வருகிறார்கள். செவ்வாய் சரியில்லை என்று பவளம் கேட்பார்கள். ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். முஸ்லிம் பெரியவர்கள் வெள்ளியில் அகீக் கல் பதித்துப் போட விரும்புவார்கள். காணி வழக்கு ஜெயிக்க வேண்டுமென்று கோமேதகம் வாங்கிய ஒரு அம்மா, எதிராளியும் எங்கள் கடையிலேயே கோமேதகம் வாங்கியிருப்பதை அறிந்து என்னிடம் சண்டைக்கு வந்தார்.

நீலத்துக்கு மட்டும் எல்லோருக்கும் பயம். அது சனியின் கல். சேர்ந்தால் தூக்கி நிறுத்தும், சேராவிட்டால் குப்புறத் தள்ளும் என்பார்கள். அதனால் வாங்கிய கையோடு போடமாட்டார்கள். சில நாள் துணியில் முடிந்து தலையணைக்குக் கீழே வைத்துக் கனவு எப்படி வருகிறது என்று பார்ப்பார்கள். பலாங்கொடைப் பக்கத்து வாத்தியார் ஒருவர், கனவில் கல்வி அதிகாரி வந்தார் என்று கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். எனக்குத் தெரியவில்லை, அம்மா. கல்லை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் எனக்குத் தெரியும். முத்தும் பவளமும் உயிர்கள் கட்டிய கூடு மாதிரி. வாசனைத் தைலமும் வியர்வையும் அவற்றுக்கு ஆகாது. எல்லா அலங்காரமும் முடிந்தபின் முத்தைப் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைக் கழற்றுங்கள். சந்திரகாந்தக் கல்லைக் கொதிநீரில் போடாதீர்கள், வெடித்துவிடும். மரகதத்தை நகை கழுவும் இயந்திரத்தில் போட்டால் உள்ளே இருக்கும் கீறல் விரியும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். வலிய கல் மெலிந்த கல்லைக் கீறிவிடும்.

நீலம் வலிய கல். வைரத்தைத் தவிர வேறு எதுவும் அதைச் சுலபத்தில் கீறாது. புவனாவின் மோதிரத்தில் ஒரு சிராய்ப்பும் இல்லாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

இல்லம்

எங்கள் மாவட்டத்தில் வயலுக்கு அடியிலும் ஓடைக் கரைகளிலும் கூழாங்கல்லும் களிமண்ணும் கலந்த ஒரு படிவு ஓடும். மலைகள் எந்தக் காலத்திலோ கரைந்து கொண்டுவந்து போட்டது. மாணிக்கமும் நீலமும் அதற்குள்தான் கிடக்கும். குழி வெட்டி, அந்தப் படிவை மேலே எடுத்து, கூடையில் அலசுவார்கள். சிங்களத்தில் அந்தப் படிவுக்குப் பெயர் 'இல்லம்'.

கடைக்கு வந்த புதிதில், குழி வேலை செய்கிற ஒருவர் முதலாளியிடம் "இல்லம் கிடைத்துவிட்டது" என்று சிங்களத்தில் சொல்லக் கேட்டு, பாவம், இத்தனை நாள் வீடில்லாமல் இருந்தாரா என்று நினைத்துக்கொண்டேன். முதலாளி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

புவனாவின் மோதிரத்தைப் பார்த்த அன்று அவர் சிரிக்கவில்லை. என் மனதில் ஓடியதை அவரும் யோசித்திருந்தார். தியாகு டவுனில் ஒரு கட்டடத்துக்கு இராக் காவல்காரர். அந்தக் கட்டடத்தின் மாடியில் கல் வியாபாரிகள் சிலருக்கு அறைகள் இருந்தன.

"அவசரப்பட்டு ஒண்டும் சொல்லிராதீங்க" என்றார் முதலாளி. "ஒங்கட தங்கச்சியோட நீங்களும் போங்க. கல்லு எங்கால வந்ததுன்னு அவர்ட்டயே கேளுங்க."

பஸ்ஸில் புவனா சப்பாத்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மகள் தர்சியைப் பற்றியே பேசி வந்தாள். தர்சிக்கு அப்போது எட்டு வயது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பொலிஸ் வந்து அழைத்துப்போனால் இவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலுக்கு அடியில்

அவர்கள் வீடு பள்ளத்தில், ஓடையை ஒட்டிய பழைய லயத்தின், தொழிலாளருக்கான அந்த வரிசை வீடுகளின், கடைசிக் காம்பரா. அதற்கு அடுத்த காம்பராவில் இருந்த குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டதால் அது பூட்டிக் கிடந்தது. பகலில் லயமே வெறிச்சோடிப் போகும். எல்லோரும் மலையில் இருப்பார்கள்.

பின்பக்கத்தில் புதிதாகப் போஞ்சிப் பாத்திகள் எழும்பியிருந்தன. மண்ணை நன்றாக உயர்த்திக் கட்டியிருந்தது.

"அவரு போட்டது" என்றாள் புவனா பெருமையாக. "முன்னெல்லாம் மம்பட்டியத் தொடமாட்டாரு. இப்ப பகல்ல தூங்கக்கூட மாட்டேங்கிறாருக்கா, தோட்டமே கதின்னு இருக்காரு."

கதவு உள்ளே தாழ்ப்பாள் போடாமல் சாத்தியிருந்தது. தியாகுவைக் காணவில்லை. தர்சி பள்ளிக்கூடம் விட்டு டியூஷன் வகுப்புக்குப் போயிருந்தாள். கடைக்குப் போயிருப்பார் என்று சொல்லிவிட்டுப் புவனா தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள். நான் உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்தேன். தாயும் மகளும் படுக்கும் கட்டில் அது. தலைமாட்டில் தர்சியின் கரடிப் பொம்மை.

கட்டிலுக்கு அடியில் யாரோ இருமினார்கள்.

பூனை என்று நினைக்கப் பார்த்தேன். மனித இருமல் என்று மனதுக்குத் தெரிந்துவிட்டது. கால் இரண்டையும் கட்டில்மேல் தூக்கிக்கொண்டேன்.  மறுபடி இருமல், இந்தத் தடவை யாரோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவதுபோல.

"புவனா!"

அவள் கேத்தலோடு ஓடி வந்தாள். நான் கையைக் கீழே காட்டினேன். நான் இரு கையாலும் அவள் ஒரு கையாலும் கட்டிலை இழுத்தோம். கீழே பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பைத் தூக்கினால் பலகைகள். ஒரு பலகையைப் புவனா விலக்கினாள்.

குளிர்ந்த காற்றும் சேற்று வாடையும் முகத்தில் அடித்தன. கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், நெற்றியில் விளக்குக் கட்டிய ஒரு முகம் எங்களை நிமிர்ந்து பார்த்தது. சேறு பூசி, கண் மட்டும் வெள்ளையாக.

தியாகு.

"சத்தம் போடாதீங்க மதினி" என்று அவர் கெஞ்சினார். "ஒங்க கால கும்பிடுறேன், சத்தம் போடாதீங்க."

 திருடன் வீட்டுக்கு வருகிறோம் என்றுதான் வந்தேன். வீட்டுக்கு அடியில் வீட்டுக்காரனைப் பார்ப்பேன் என்று எந்தக் கனவிலும் நினைக்கவில்லை. புவனாவோ அசையாமல் குந்தியிருந்தாள். கையில் கேத்தல் அப்படியே இருந்தது.

"ஏங்க," என்றாள் கடைசியில், "அங்க என்னங்க பண்றீங்க?"

அவர் சொன்னார். பின்சுவருக்குத் தூண் நடக் குழி வெட்டியபோது கூழாங்கல் படிவு தட்டுப்பட்டதாம். இளவயதில் குழி வேலை செய்தவராதலால் அது இல்லம் என்று கண்டுகொண்டாராம். மனைவி மலைக்கும் பிள்ளை பள்ளிக்கும் போனபின் கட்டிலுக்கு அடியில் புகுந்து வெட்டத் தொடங்கி, இறங்கியதும் பலகையையும் விரிப்பையும் உள்ளிருந்தே இழுத்து மூடிக்கொண்டு, வெட்டிய மண்ணையெல்லாம் பாத்தியில் போட்டு, ஓடையில் அலசி, ஏழெட்டுக் கல் சேர்த்திருக்கிறார். விற்க ஒன்றையும் கொண்டுபோகவில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் குழி வெட்டுவது குற்றம், பிடிபடுவோம் என்ற பயம். ஒன்றை மட்டும் பழைய கூட்டாளி ஒருவரிடம் கொடுத்துப் பட்டை தீட்டி மோதிரமாக்கியிருக்கிறார்.

"இவளுக்கு ஏழரைச் சனி நடக்குது மதினி. நீலம் போட்டா காக்கும்னு சாமியார் சொன்னாரு. அதான் கண்ணாடின்னு சொல்லிக் குடுத்தேன்."

மனைவியைக் காக்கும் கல்லைப் பிள்ளை படுக்கும் கட்டிலுக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் உண்மையாகவே அன்போடுதான் செய்திருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏறி வாங்க தம்பி" என்றேன். "மொதல்ல மேல வாங்க."

"இன்னும் கொஞ்சந்தான். நல்ல படிவு இப்பத்தான் பக்கவாட்டுல போகுது. நம்ம பேர்ல ஒரு துண்டு மண்ணு இருக்கா மதினி? நாலு தலமொறையா இருக்கோம். இதுல ஒரு கல்லு நல்லபடியா வித்துட்டா சொந்தமா காணி வாங்கிருவேன்."

புவனா கேத்தலைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். நான் தடுப்பதற்குள் இறங்கிவிட்டாள்.

மேலிருந்து எனக்கு அவள் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. அவள் கணவனைப் பார்க்கவில்லை. அவர் நெற்றி விளக்கை உருவி வாங்கிச் சுற்றிலும் அடித்தாள். பக்கவாட்டில் ஒரு சுரங்கம், ஆள் ஊர்ந்து போகும் அளவில், லயத்தின் நீளத்துக்கே ஓடியது. அதற்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு விளக்கைத் தூக்கி மேலே அடித்தாள். தன் வீட்டுத் தரையின் அடிப்பக்கத்தை அவள் பார்த்தாள். முட்டுக் கொடுக்க ஒரு கம்புகூட இல்லாமல், ஓரங்களில் மண் உதிர உதிர, சும்மா தொங்கிக்கொண்டிருந்த சீமெந்து.

"ஒம் பிள்ள எங்க படுக்குறான்னு தெரியுமா ஒனக்கு?"

திருமணமான நாளிலிருந்து அவள் அவரை 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

 அவள் ஏறி வந்தாள். முகத்தில் அழுகை இல்லை, நிறமும் இல்லை.

வாசலில் நின்று கத்தியவள்

அதற்குள் மழை எங்கள் பள்ளத்துக்கும் வந்துவிட்டது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. கொழுந்தை எடை போட்டுவிட்டு மலையிலிருந்து லயத்துச் சனங்கள் ஒவ்வொருவராக இறங்கி, அவரவர் காம்பராவுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஏணியில் பாதி ஏறி வந்த தியாகு, புவனாவின் சேலை நுனியைப் பிடித்தார். "வேணாம் புவனா. மூடிருவோம். நாளைக்கே மண்ணப் போட்டு மூடிர்றேன். வெளிய சொன்னா என்னைய உள்ள போட்டுருவாங்க."

அவள் சேலையை விடுவித்துக்கொண்டாள். வாசலுக்குப் போனாள். மழையில் நின்று, நான் அதுவரை கேட்டிராத குரலில் கத்தினாள்.

"எல்லாரும் வெளிய வாங்க! லயத்துக்கு அடியில கொடஞ்சிருக்கு! பிள்ளைங்கள தூக்கிட்டு வாங்க! யாரும் உள்ள நிக்காதீங்க!"

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அவள் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினாள். "எம் புருசன்தான் தோண்டுனாரு! வாங்க வெளிய!" என்று சொல்லிச் சொல்லித் தட்டினாள். கைக்குழந்தையைத் துண்டால் போர்த்திக்கொண்டு ஒருத்தி வந்தாள். நடக்க முடியாத ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். நான் ஓடிப்போய் வகுப்பிலிருந்த தர்சியை அழைத்துக்கொண்டு வந்தேன்.

எல்லோரும் லயத்துக்கு நேரெதிரே, கோயில் முன்னால் தகரக் கொட்டகைக்குள் நின்றோம். ஏச்சு விழுந்தது. "சோறு போட்ட லயத்தையே கவுத்துட்டானே" என்று ஒரு அம்மா மண்ணை வாரித் தூற்றினார். தியாகு ஓரமாகச் சேற்றில் உட்கார்ந்திருந்தார்.

வெளிச்சம் முழுதாகப் போவதற்கு முன்னால், மூட்டையை இழுத்துப் போட்டதுபோல் ஒரு சத்தம். பூட்டிக் கிடந்த காம்பராவுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுச்சுவர் மெல்லச் சாய்ந்து உள்ளே இறங்கியது. கூரைத் தகரம் மடங்கியது. திறந்திருந்த கதவு வழியாக எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது, கட்டில் ஒரு பக்கமாகச் சரிந்து, தலையணையோடும் பொம்மையோடும் தரைக்குள் போனது.

 தர்சி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நாங்க படுக்குற எடம், பெரியம்மா" என்றாள்.

புவனாவின் வாக்குமூலம்

மறுநாள் தோட்ட அலுவலகத்துக்குப் பொலிஸ் வந்தது. தியாகு பால்மா டின்னில் வைத்திருந்த கற்களை அவரே எடுத்துக் கொடுத்தார். அதிகாரி புவனாவைத் தங்கை முறை வைத்து அழைத்துச் சிங்களத்தில் கேட்டார்: "நங்கி, உங்களுக்கு ஒன்றுமே தெரியாதா?"

தெரியாது என்று சிங்களத்திலேயே சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இதுவும் அங்கருந்து வந்ததுதான்."

நான் அவள் கையைப் பிடித்தேன். எத்தனையோ கற்களைப் பார்த்த என் கண்ணுக்கு, அப்படி ஒன்றை இனிப் பார்க்கப்போவதில்லை என்று தெரியும். அவள் என் கையை மெல்ல விலக்கினாள்.

"விடுக்கா. அதப் பாத்தா எனக்கு அந்தக் குழிதான் தெரியுது."

கடைக்குத் திரும்பி முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். கல் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை. "புள்ளைக்கு ஒண்டும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று கைகளை ஏந்தினார்.

பிள்ளைக் காம்பரா

லயம் இருக்கத் தகுதியில்லாமல் போனது. தோட்ட நிர்வாகம் ஆளுக்கொரு பக்கமாக இடம் ஒதுக்கியது. பழி புவனா மேலும் விழுந்தது. ஆனால் நாற்காலியோடு தூக்கி வரப்பட்ட பெரியவரின் வீட்டார் அவளுக்காகப் பேசினார்கள். மேட்டில், பாவிக்காமல் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவில் அவளுக்கும் தர்சிக்கும் ஒரு மூலை கிடைத்தது. ஒரு காலத்தில் தாய்மார் மலைக்குப் போகும்போது எங்களையெல்லாம் விட்டுச் சென்ற குழந்தைகள் காப்பகம் அது.

சாமான் எடுத்து வைக்க நானும் போயிருந்தேன். பாயை விரிக்கப் போனேன். புவனா என்னைத் தடுத்தாள். பக்கத்து வீட்டில் ஓர் உலக்கையை இரவல் வாங்கி வந்தாள். சுவரோரத்திலிருந்து தொடங்கி, தரையில் ஒவ்வோர் அடிக்கும் உலக்கையை ஊன்றித் தட்டினாள். தட்டிவிட்டுக் காது கொடுத்தாள். பிறகு அடுத்த அடி. அறை முழுவதும் தட்டி முடித்த பிறகே பாயை விரிக்க விட்டாள். அது பாறைமேல் கட்டிய கட்டடம் என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

தினமும் அப்படித்தான் தட்டுகிறாள் என்று பிறகு தர்சி என்னிடம் சொன்னாள்.

தியாகு சில வாரம் மறியல் சிறையில் இருந்து, தண்டம் கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். நானும் அங்கே இருந்தேன். மெலிந்து, தாடியோடு, வாசற்படிக்கு வெளியே நின்றார். 

புவனா எழுந்தாள். சுவரில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"உள்ள வாங்க. தட்டிப் பாருங்க. தட்டிப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, பிள்ளைய இங்க படுக்க வைக்கலாமான்னு."

அவர் உலக்கையை வாங்கினார். மண்டியிட்டு, சுவரோரத்திலிருந்து தட்டத் தொடங்கினார். தட்டும்போதே தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல், ஒவ்வோர் அடியாக நகர்ந்து நகர்ந்து தட்டிக்கொண்டு போனார்.  மறு சுவர்வரை போய்விட்டு, உலக்கையைக் கீழே வைக்கப் போனார்.

துணி மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தர்சி, விரலை நீட்டி ஒரு மூலையைக் காட்டினாள்.

"அங்க இன்னும் தட்டலப்பா."